தத்துவ போதகர்

நம் நாட்டிற்கு வந்த அந்நியருள் நம்மவர் போல் உண்டு உடுத்து வாழ்ந்தோர் வெகு சிலர். 1577-ல் இத்தாலி தேசத்தில் பிறந்த ராபர்ட் டி நொபிலி பாதிரியார் அவர்களில் ஒருவர். 1606-ல் மதுரை சேர்ந்த அவர், மாமிசமும் மதுவும் நீக்கி, நாளொரு வேளை சோறும் காய்கறியுமே உண்டார். தமிழும் வடமொழியும் கற்று, ஞானோபதேசம் முதலிய வசன நூல்களை இயற்றினார்.

உணவும் உடையும் தேசாசாரமேயன்றி மதமல்ல என்பது அவர் துணிபு. இதற்கு நமது தர்ம சாஸ்திரங்களிலிருந்தே ஆதாரங் காட்டினார். அவரது சபையைச் சேர்ந்தவரே குற்றஞ் சாட்ட, வழக்கு ரோமாபுரி சென்றது. 1623-ல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரெகோரி, பூணூலும் குடுமியும் சந்தனமும் தடையில்லை எனத் தீர்ப்பளித்தார். பாதிரியார் 1656-ல் மயிலாப்பூரில் காலமானார்.

ஆயினும், ஜாதி வேற்றுமையையும் தேசாசாரமென்றே அவர் ஏற்றதை நாம் ஒப்புவதற்கில்லை. ஊர்ச் சோற்றை விரும்பியவர், ஊரார் யாவருடனும் அமர்ந்து உண்ணவில்லை. அவர் விட்ட அக்குறையை நிறைவு செய்தல் நம் கடன்.