ஆற்றலின் கணக்கறிந்த மருத்துவர்

ஆற்றலை ஆக்கவும் இயலாது, அழிக்கவும் இயலாது. ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவிற்கு மாற்றவே இயலும் என்பது பள்ளி மாணவரும் அறிந்த விதியாகும். அதனை முதலில் அச்சேற்றியோருள் ஒருவர் இயற்பியல் அறிஞர் அல்லர். கப்பல் மருத்துவராகப் பணிசெய்து திரும்பிய இளைஞர் என்பதைப் பலரும் அறியார்.

ஜெர்மனியில் நெக்கர் ஆற்றங்கரையில் அமைந்த ஹைல்பிரான் நகரில், 1814ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், மருந்துக்கடைக்காரர் ஒருவரின் மகனாக ஜூலியஸ் இராபர்ட் மேயர் பிறந்தார். டூபிங்கனில் மருத்துவம் பயின்ற அவர், 1840இல் டச்சுக் கப்பலொன்றில் ஜாவா எனும் சாவகத் தீவிற்குப் புறப்பட்டார். சுரபாயாத் துறைமுகத்தில் நோயுற்ற மாலுமிகளுக்கு அக்கால வழக்கப்படி சிரையைக் கீறிக் குருதி வெளியேற்றினார். கருஞ்சிவப்பாக வரவேண்டிய குருதி செக்கச்செவேலென வந்தது. தவறித் தமனியைக் கீறிவிட்டோமோ என அஞ்சினார். அங்கிருந்த மருத்துவர்களோ, வெப்ப நாட்டில் இஃது இயல்பே என்றனர். அவர்களுக்குப் பழகிப்போன செய்தி மேயருக்கு விடாது தொடர்ந்த வினாவாயிற்று.

வெப்ப நாட்டில் உடற்சூட்டைக் காக்கக் குறைந்த உணவு எரிந்தாலே போதும். அதனால் உயிர்வளி குறைவாகவே செலவாகிறது. எஞ்சியதே குருதிக்குச் செந்நிறம் தருகிறது என்று அவர் கருதினார். அவ்வளவில் நின்றிருந்தால் அது மருத்துவக் குறிப்பாகவே முடிந்திருக்கும். ஆனால் உடல் வெப்பத்தை மட்டுமா தருகிறது? சுமை தூக்குகிறது; கயிறு இழுக்கிறது. உண்ட உணவொன்றே வெப்பமாகவும் வேலையாகவும் பிரிகிறதெனில், அவ்விரண்டிற்குமிடையே மாறாத விகிதம் ஒன்று இருந்தாக வேண்டுமன்றோ?

1841இல் ஊர் திரும்பி எழுதியனுப்பிய கட்டுரைக்கு, இயற்பியல் இதழாசிரியர் போகென்டார்ஃப் மறுமொழியும் விடுக்கவில்லை. அக்கட்டுரையில் பிழைகள் மலிந்திருந்தன என்பதையும் மறைத்தற்கில்லை. மேயர் மீண்டும் பயின்றார், திருத்தினார். 1842இல் லீபிக்கின் வேதியியல் இதழ் அவரது புதிய கட்டுரையை வெளியிட்டது. காற்றை அடைத்துவைத்துச் சூடாக்குவதைவிட, விரியவிட்டுச் சூடாக்க மிகுதியான வெப்பம் வேண்டும். அம்மிகையே விரிவில் நிகழும் வேலையாகிறது எனக் கொண்டு அவர் கணக்கிட்டார். ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை சூடேற்றும் வெப்பம், அதே எடையை ஏறத்தாழ 365 மீட்டர் உயர்த்தும் வேலைக்கு ஈடு என்றார். இன்றைய அளவு ஏறத்தாழ 427 மீட்டர். பிழை அவர் முறையில் இல்லை. அன்று கிடைத்த வாயு அளவீடுகளில் இருந்தது. (இயற்பியல் துறை நண்பர்கள் இவ்வெளிய விளக்கத்தைப் பொறுத்தருள்க.)

1843 முதல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல் தம் சொந்தச் சோதனைகளால் இதே உண்மையை நிறுவினார். அவர் உழைப்பு பெரிது, ஐயமில்லை. எனினும் மேயரின் முன்னுரிமை ஏளனத்திற்கு உள்ளானது. 1848இல் அவர் தம் குழந்தைகள் இருவரை அடுத்தடுத்து இழந்தார். மனமுடைந்து 1850 மே மாதத்தில் சாளரத்தின் வழியே கீழே குதித்தார், உயிர் பிழைத்தார். பின்னர் மனநோய் விடுதியில் ஓராண்டிற்கு மேல் அடைபட்டுக் கிடந்தார். 1858இல் லீபிக் தம் உரையில் அவரை மறைந்தவராகவே குறித்தார். மறுமொழி விடுக்காத அதே போகென்டார்ஃப் தொகுத்த அறிஞர் அகராதியும் அவ்வாறே எழுதிப் பின்னர் திருத்திக்கொண்டது! மேயரோ ஹைல்பிரானில் உயிரோடிருந்தார்.

1862இல் இலண்டனில் ஜான் டிண்டால் ஆற்றிய உரையே அவர் பெயரை மீட்டது. இராயல் கழகத்தின் கோப்ளி பதக்கம் 1870இல் ஜூலுக்கும், 1871இல் மேயருக்கும் வழங்கப்பெற்றது. 1878 மார்ச் 20ஆம் நாள் தாம் பிறந்த ஊரிலேயே அவர் காலமானார். ஆற்றலின் அலகு இன்று ஜூலின் பெயரால் வழங்குகிறது. மேயருக்கு ஹைல்பிரானில் 1892இல் சிலை எழுப்பினர்.