நிழலை அளந்த ஆரியபட்டர்

முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட தலம் நம் அவிநாசி என்பதை யாவரும் அறிவர். சந்திரனையும் இராகு என்னும் பாம்பு விழுங்கி உமிழ்வதே கிரகணம் என்று நம் முன்னோர் நெடுங்காலம் நம்பி வந்தனர். அது பூமியின் நிழலே, அந்நிழலை அளக்கவும் கூடும் என்று காட்டியவர் ஆரியபட்டர். இன்று கணினி விளையாட்டு எழுதத் தொடங்கும் மாணவனுக்கும் அவர் ஆசானாக விளங்குகிறார்.

கலியுகத்தில் 3600 ஆண்டுகள் கழிந்தபோது தமக்கு வயது 23 என்று ஆரியபட்டர் தம் நூலில் குறித்துள்ளார். அதைக் கொண்டே அவர் பிறந்தது கி.பி. 476 என்று அறிகிறோம். பாடலிபுத்திரம் என்று கருதப்படும் குசுமபுரத்துடன் தொடர்புடையவர். அவரது 'ஆரியபட்டீயம்' 121 செய்யுட்களே கொண்ட சிறு நூல். வானம் சுற்றவில்லை, பூமியே தன் அச்சில் சுழல்கிறது என்று அதில் துணிந்து கூறினார்.

கால் வட்டத்தை 24 சம பாகங்களாக்கி, ஆரம் 3438 என்று கொண்டு, ஒவ்வொரு கோணத்திற்கும் உரிய அரைநாணை அவர் கணக்கிட்டார். இன்று நாம் சைன் என்பது இதுவே. 30 பாகைக்கு 1719, 60 பாகைக்கு 2978. இவற்றைப் பெறுவதற்கான வேறுபாடுகள் அனைத்தையும் எழுத்துக் குறிகளாக்கி ஒரே செய்யுளில் அடக்கினார். பிற்காலத்தில் நினைவகம் குறைந்த, வேகம் குறைந்த கணினிகளுக்கு விளையாட்டு எழுதியோரும் இவ்வாறே சைன் அட்டவணையை முன்கூட்டியே சேமித்து வைத்தனர்.

திரையில் நகரும் சிறு படத்தை ஸ்பிரைட் என்பர். ஒரு விண்கலத்தின் மூக்கு அதன் மையத்திலிருந்து வலப்புறம் 20 புள்ளி தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். கலத்தை 30 பாகை திருப்பினால் மூக்கு எங்கே போகும்? 1719-ஐ 3438-ஆல் வகுக்க அரை; அதனை 20-ஆல் பெருக்க 10. இது செங்குத்துத் தொலைவு. 30 பாகையின் கோசைன் 60 பாகையின் சைனே ஆதலால், 2978-ஐ 3438-ஆல் வகுத்து 20-ஆல் பெருக்க 17.3. இது கிடைத்தொலைவு. ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழைய அட்டவணை இன்றும் பிழையின்றிப் படத்தைத் திருப்புகிறது!

இனி மோதல். நிழலும் சந்திரனும் இரு வட்டங்கள். அவற்றின் மையங்களுக்கு இடையிலான தூரம் ஆரங்களின் கூட்டுத்தொகையைவிடக் குறைந்தால் கிரகணம் நிகழும். அந்தக் கூட்டுத்தொகையின் வர்க்கத்திலிருந்து சந்திரனின் விலகலின் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் கண்டு, கிரகணத்தின் பாதிக் காலத்தை அறியும் வழியை ஆரியபட்டர் தந்தார்.

விளையாட்டிலும் இதே விதிதான். 25, 30 புள்ளி ஆரமுள்ள இரு பந்துகள் கிடையாக 30, செங்குத்தாக 40 புள்ளி விலகி நிற்கின்றன. 900-உம் 1600-உம் சேர்ந்து 2500. ஆரங்களின் கூட்டுத்தொகை 55. அதன் வர்க்கம் 3025. முன்னது சிறிது, ஆகவே மோதல் நிகழ்ந்துவிட்டது. வர்க்கமூலமே தேவையில்லை. நீளவாட்டுப் படம் திரும்பினால் அதன் மூலைகள் இடம் மாறும். அதைச் சூழ்ந்த வட்டமோ எப்படித் திருப்பினாலும் மாறாது. தொடக்க மாணவருக்கு வட்டமே எளிது.

ஆரியபட்டரை எல்லாரும் ஏற்கவில்லை. கி.பி. 628-இல் நூல் இயற்றிய பிரம்மகுப்தர் அவரைக் கடுமையாகச் சாடினார். ஆயினும் கணக்கு நிலைத்தது. 1825-இல் புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர், மனப்பாடமான அட்டவணைகளைக் கொண்டு, தரையில் சோழிகளைப் பரப்பியே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் என்பவர் பதிவு செய்துள்ளார். 1975 ஏப்ரல் 19 அன்று ஏவப்பட்ட இந்தியாவின் முதல் செயற்கைக்கோளுக்கு ஆரியபட்டரின் பெயரே சூட்டப்பட்டது.

நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். அடுத்த கிரகணத்தன்று, பாம்பு விழுங்குகிறது என்று வீட்டில் யாரேனும் சொன்னால் நகைக்க வேண்டா. தரையில் இரு வட்டங்கள் வரைந்து காட்டுவோம். 23 வயதில் அவர் எட்டிய தெளிவு நமக்கும் எட்டாததன்று.