யாரிடம் கேட்பது?

புனித தெரேசம்மாள் என்றவுடன் ரோஜா மலர்களை ஏந்தி நிற்கும் குழந்தை தெரேசம்மாளே நம் நினைவுக்கு வருகிறார். அவருக்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன் பிறந்த இன்னொரு கார்மேல் கன்னிகை உண்டு. அவர்தான் அவிலா தெரேசம்மாள். 1970-ஆம் ஆண்டில் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் இவரைத் திருச்சபையின் மறைவல்லுநர் என அறிவித்தார். அப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி இவரே. இத்தகையவரும் தம் விசுவாசம் பற்றிக் கலங்கி, பிறரிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்தவர்தாம்.

ஸ்பெயின் நாட்டு அவிலா நகரில் 1515 மார்ச் 28 அன்று பிறந்த இவர், 1535-இல் அவ்வூர்க் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். செபத்தில், இறைவன் தமக்குள் மெய்யாகவே இருப்பதை உணர்ந்தார். அதைச் சிலரிடம் சொன்னபோது, இறைவன் தம் அருளால் மட்டுமே உன்னில் இருக்கிறார், தாமே வந்து இருப்பதில்லை என்றார்கள். அவர்கள் வேதசாத்திரம் கற்றவர்கள் அல்லர். தாம் உணர்ந்ததை நம்புவதா, அவர்கள் சொல்வதை நம்புவதா என்று தெரேசம்மாள் தவித்தார். கடைசியில் சாமிநாதர் சபையைச் சேர்ந்த கற்றறிந்த குரு ஒருவர், இறைவன் எல்லாவற்றிலும் பிரசன்னமாய் இருக்கிறார் என்று விளக்கவே மனம் தெளிந்தது. ஞானோபதேச வகுப்பில் இறைவன் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் நம் சின்னஞ்சிறு தங்கைகள் ஒரே குரலில் சொல்லும் விடைதான் அது!

நாற்பது வயதை நெருங்கியபோது பெரிய சோதனை வந்தது. செபத்தில் அவர் பெற்ற அனுபவங்கள் இறைவனிடமிருந்து வந்தவையா, சாத்தானின் வஞ்சனையா? 1546-இல்தான் கொர்தோபா நகரில், புனிதை என்று போற்றப்பட்ட மடத்துத் தலைவி ஒருவர் ஏமாற்றுக்காரி எனத் தண்டிக்கப்பட்டிருந்தார். ஆகவே அச்சத்திற்குக் காரணம் இருந்தது. பிரான்சிஸ்கோ தெ சல்செதோ என்னும் பக்தியுள்ள இல்லறத்தாரிடமும், காஸ்பர் தாசா என்னும் குருவிடமும் தம் வாழ்க்கை முழுவதையும் எழுதிக் கொடுத்தார். இருவரும் நல்லவர்களே. ஆயினும் இது சாத்தானின் வேலை என்று முடிவு சொன்னார்கள். தெரேசம்மாள் கண்ணீர் வடித்தார். அவர்கள் செய்த பெரிய நன்மை ஒன்றுண்டு: தங்களுக்குத் தெரிந்தது போதாது என்று உணர்ந்து, சேசு சபைக் குருக்களிடம் கேட்கச் சொன்னார்கள்.

அங்கிருந்து வந்தவர் தியேகோ தெ செதீனா என்னும் இளங்குரு. தெரேசம்மாளைவிட வயதில் மிக இளையவர்! இது இறைவனின் ஆவியே, செபத்தை விடவேண்டாம் என்றார் அவர். அதன் பின்னும் தொல்லை தீரவில்லை. ஆண்டவரின் காட்சி தோன்றும்போது, அது சாத்தானே, இகழ்ச்சியாகக் கை காட்டி விரட்டு என்று ஒரு குரு கட்டளையிட்டார். அது அவருக்குப் பெரும் வேதனை. எனினும் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கீழ்ப்படிந்தார். அந்தச் சைகையை அடிக்கடி செய்யாதிருக்கக் கையில் ஒரு சிலுவையைப் பிடித்துக்கொண்டாராம்.

1560-இல் அல்காந்தரா புனித இராயப்பர் அவிலாவுக்கு வந்தார். கடுந்தவசியாகிய அவர் இத்தகைய அனுபவங்களைத் தாமே அறிந்தவர். தெரேசம்மாளுக்கு ஆறுதல் சொன்னதோடு நில்லாமல், சல்செதோவையும் நேரில் கண்டு அவருடைய அச்சத்தைப் போக்க முயன்றார்.

இதற்குப் பின்னும் தெரேசம்மாள் கேட்பதை நிறுத்தவில்லை. தம் வாழ்க்கை வரலாற்று நூலை, அக்காலத்தில் ஸ்பெயினில் பெரிதும் மதிக்கப்பட்ட அவிலா அருளப்பருக்கு அனுப்பிவைத்தார். வயது முதிர்ந்து நோயுற்றிருந்த அக்குரு அதைப் படித்து, 1568 செப்டம்பரில் பதில் எழுதினார். அவர் நல்லதென்று ஏற்றுக்கொண்டார். தெரேசம்மாளுக்கு அப்போது வயது 53.