கல்லூரி வாயிலில் இராமானுஜன்

உயர்நிலைப் பள்ளி வாழ்க்கை வேறு, கல்லூரி வாழ்க்கை வேறு. இதை நம் சங்கத்து உறுப்பினர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஊர்ப் பள்ளியில் படித்துவிட்டு, இரண்டு இரவுகள் இரயிலில் கழித்து, இந்த வடநாட்டுப் பல்கலைக்கழகத்தின் வாயிலில் பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்கியவர்கள் நாம். அங்கே ஆசிரியர் நம்மைப் பெயர் சொல்லி அழைத்தார். நம் தந்தையார் யார், நாம் எந்தத் தெரு என்பதையும் அறிந்திருந்தார். இங்கே நமக்கு ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்குக் கீழே மதிப்பெண் உண்டு. ஐந்தாண்டுகளாக நான் அறிந்த கல்லூரி வாழ்க்கை இதுதான்.

இந்த மாறுதலில் ஒரு பேரறிஞர் பட்ட பாட்டைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். அவர் சீனிவாச இராமானுஜன். அவருடைய கணிதத்தை விளக்கும் ஆற்றல் இயற்பியல் மாணவனாகிய எனக்கு இல்லை. ஆனால் அவருடைய மாணவப் பருவம் நம் எல்லோருக்கும் புரியக்கூடியது.

1887 டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பாட்டியார் வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தையார் துணிக்கடையில் கணக்கு எழுதுபவர். மாதச் சம்பளம் 20 ரூபாய் அளவே. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பாடி வந்தார். வருவாய் போதாமையால் கல்லூரி மாணவர்கள் சிலரை வீட்டில் தங்க வைத்துச் சோறு போட்டனர். சிறுவன் இராமானுஜன் அம்மாணவர்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் விரைவிலேயே கற்றுத் தீர்த்தான்.

1898 தொடக்கத்தில் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அப்பள்ளியில் அவர் வாழ்ந்த ஆறு ஆண்டுகளை எண்ணும்போதெல்லாம் எனக்கு உள்ளம் குளிர்கிறது. லோனியின் திரிகோணமிதி நூலைப் பதின்மூன்று வயதுக்குள் முடித்துவிட்டார். அதனால் யாரும் அவரை விலக்கி வைக்கவில்லை. ஆயிரத்து இருநூறு மாணவர்களையும் முப்பத்தைந்து ஆசிரியர்களையும் பொருத்திக் கால அட்டவணை போடும் வேலை கணித ஆசிரியருக்குத் தலைவலியாக இருந்தபோது, அவர் இந்த மாணவனைத்தான் உதவிக்கு அழைத்தார். பட்டம் பெற்ற ஆசிரியர் ஒருவர் கால்சட்டைப் பையனிடம் வேலையைக் கொடுத்து வாங்கிக்கொள்வதென்பது சிறிய செய்தியா? 1904-இல் கணிதத்துக்கான இரங்கநாத ராவ் பரிசை வழங்கியபோது, தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், முழு மதிப்பெண்ணும் இம்மாணவனுக்குப் போதாது என்று அவையறியச் சொன்னார்.

இதற்கிடையே, 1903-இல் ஒரு நிகழ்ச்சி. கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்றை நண்பர் ஒருவர் அரசினர் கல்லூரி நூலகத்திலிருந்து வாங்கிக் கொடுத்தார். ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகள் அதில் வரிசையாக நிற்கும். நிறுவல்கள் மிகக் குறைவு. ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்க்க இராமானுஜன் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லலாம். எந்தக் கல்லூரியின் நூலகம் இந்நூலைத் தந்ததோ, அந்தக் கல்லூரியிலேயே இந்நூலால் அவர் தோற்றார்!

1904-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். சுப்பிரமணியம் உதவித்தொகையும் கிடைத்தது. கணிதத்திலும் ஆங்கிலக் கட்டுரையிலும் தேர்ச்சி காட்டியவர்க்குத் தரப்படும் தொகை அது. ஆங்கிலத்துக்காகவும் பெற்ற அதை அவர் ஆங்கிலத்தாலேயே இழந்தார். மேல்வகுப்புக்கு ஏற ஆங்கிலத்திலும் தேற வேண்டும். வரலாற்றிலும் உடலியலிலும் தேற வேண்டும். வகுப்பில் உடல் மட்டும் இருக்கும். கை கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். பள்ளியில் இப்படி இருந்திருந்தால் ஆசிரியர் ஒருவராவது காதைத் திருகியிருப்பார். கல்லூரியில் காதைத் திருகுவார் இல்லை. ஆண்டின் இறுதியில் தேர்வு முடிவுதான் வந்து திருகுகிறது. தாயார் கல்லூரி முதல்வரிடம் நேரிற் சென்று முறையிட்டார், பயனில்லை. பருவத்துக்கு 32 ரூபாய் சம்பளம். தந்தையாரின் வருவாயை நினைத்துப் பாருங்கள்.

1905 ஆகஸ்டில் இராமானுஜன் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். காணாமற்போன பையனைத் தேடிச் செய்தித்தாளில் விளம்பரம் வந்தது. பதினேழு வயது. மானம் என்னும் நோய் அந்த வயதில்தான் மிகுதியாக வருத்தும். விடுதியில் தேர்வு முடிவு நாளன்று மூடிக் கிடக்கும் அறைக் கதவுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் மறுபடியும் முயன்றார். அங்கே பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் அவருடைய திறமையைக் கண்டு, கடினமான கணக்குகளைச் சேர்ந்து ஆராய்ந்தார். ஆயினும் உடலியல் விடவில்லை. செரிமானத்தைப் பற்றிய வினாவுக்கு, இப்பாடம் எனக்குச் செரிக்கவில்லை என்ற பொருள்பட விடைத்தாளில் எழுதிக் கொடுத்தார் என்பர். நகைக்கத் தோன்றும், ஆனால் அப்படி எழுதுபவன் தேறும் நம்பிக்கையை விட்டுவிட்டவன். அந்த ஆண்டு டிசம்பரில் தோற்றார். 1907-இல் தனித் தேர்வராக எழுதியும் தோற்றார். கல்லூரி வாழ்க்கை அத்துடன் முடிந்தது.

கல்லூரிகளே குற்றவாளிகள் என்று சிலர் எழுதுகின்றனர். நான் அப்படி எண்ணவில்லை. ஐந்து பாடங்களிலும் தேறியவனுக்கே சான்று என்பது விதி. அவருக்காக மட்டும் விதியைத் தளர்த்த ஒரு கல்லூரி முதல்வருக்கு அதிகாரம் ஏது? கும்பகோணத்தில் அவருக்குக் கணிதம் கற்பித்த சேஷு ஐயரே பிற்காலத்தில் அவருக்காகப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தவர். மனிதர்கள் நல்லவர்களாகவே இருந்தார்கள். ஆனால் பள்ளியில் ஆசிரியரின் நன்மனம் ஒன்றே போதுமாக இருந்தது. கல்லூரியில் அதற்குச் செல்வாக்கு இல்லை. நான் காணும் வேறுபாடு இதுவே. இன்றும் அது பெரிதும் மாறிவிட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டுகள் வறுமையில் கழிந்தன. தாள் வாங்கக் காசில்லை. கற்பலகையில் எழுதி முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் ஏற்றுவார். 1909-இல் ஜானகியை மணந்தார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்த இராமசாமி ஐயரும், நெல்லூர் ஆட்சித்தலைவர் இராமச்சந்திர ராவும் ஆதரித்தனர். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 30 ரூபாய் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார்; அதன் பயன் உலகம் அறிந்தது. அந்த ஆண்டு மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. விதி இம்முறை வளைந்து கொடுத்தது.

1914 மார்ச் 17-இல் கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜில் டிரினிடிக் கல்லூரி அவருடைய மூன்றாவது கல்லூரி. அங்கே யாரும் உடலியல் கேட்கவில்லை. 1916 மார்ச்சில் ஆராய்ச்சிக்காகவே பி.ஏ. பட்டம் அளித்தனர். எப்.ஏ. தேறாதவர் பி.ஏ. ஆனார். 1918-இல் இராயல் சொசைட்டி உறுப்பினராகவும், அதே ஆண்டு டிரினிடியின் பெல்லோவாகவும் ஆனார். ஆனால் குளிரும் போர்க்கால உணவுத் தட்டுப்பாடும் நோயும் அவரை உருக்கிவிட்டன. 1919-இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார். வயது 32.

அவர் கப்பல் ஏறுமுன் எழுதிய குறிப்பேடுகளை 1957-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அப்படியே படமெடுத்து வெளியிட்டது. அவற்றில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாக நிறுவி, புரூஸ் பெர்ன்ட் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். உதவித்தொகை போன ஆண்டும், விசாகப்பட்டினத்துக்கு ஓடிய ஆண்டும், எப்.ஏ. இருமுறை தவறிய ஆண்டுகளும் அந்தக் குறிப்பேடுகள் நிரம்பிய காலத்திற்குள்ளேயே அடங்குகின்றன.