முகச்சவரத்திலும் மூளையைச் செலுத்திய மேதை

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையிலிருந்து பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருகிறவர், கடைத்தெருவில் ஒரு பாக்கெட் பிளேடு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்புவது இன்று யாரும் ஏறிட்டுப் பார்க்காத காரியம். பஸ்ஸும் பிளேடும் அவ்வளவு சாதாரணமாகிவிட்டன. இந்த இரண்டிலுமே கை வைத்துப் பெயர் பெற்ற தமிழ்நாட்டார் ஒருவர் உண்டு. அவர்தாம் கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு.

1893-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23-ஆம் தேதி, கோவைக்கு அருகே கலங்கல் என்னும் சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. பெற்ற தாயைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் அவரைத் தாங்கவில்லை. அவரும் பள்ளிக்கூடத்தைத் தாங்கவில்லை. இளைஞராயிருந்தபோது வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததைக் கண்டார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடிய அந்த வண்டி அவர் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. கோவைக்குச் சென்று ஓட்டலில் சர்வராக வேலை பார்த்து, சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் சவாரி செய்து திருப்தியடைந்தாரா என்றால் இல்லை. அக்கக்காகக் கழற்றிப் போட்டு, மறுபடி மாட்டினார். அவர் படித்த என்ஜினீயரிங் கல்லூரி அதுதான்.

1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே விட்டார். அந்த ஒற்றை பஸ்ஸே பின்னாளில் யூ. எம். எஸ். என்ற பெரும் போக்குவரத்து ஸ்தாபனமாயிற்று.

கையில் பணம் சேர்ந்ததும் நாயுடு மேல்நாடுகளுக்குப் பயணமானார். 1936 ஜனவரியில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே சினிமாப் படம் பிடித்தார். ஐரோப்பிய யாத்திரையில்தான் அவர் கவனம் சவரக் கருவியின் மீதும் விழுந்தது.

அதன் அருமை தெரிய, அன்றைய ரேசர்களின் தலையைச் சற்று உற்றுப் பார்க்கவேண்டும். நாவிதரின் மடக்குக் கத்தியில் அலகு முழுதும் வெளியே நிற்கும். கோணத்தைக் காப்பது கைப்பழக்கம் ஒன்றே. அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட் 1904-ல் பேடண்ட் பெற்ற ரேசரில் அந்தப் பொறுப்பு கையைவிட்டு ரேசரின் தலைக்குப் போயிற்று. மேல்மூடிக்கும் அடித்தட்டுக்கும் நடுவே மெல்லிய பிளேடை வைத்துத் திருகினால், மூடியின் வளைவுக்கேற்பப் பிளேடும் வளைந்து விறைத்து நிற்கும். கூர்முனை மட்டும் மயிரிழையளவு எட்டிப் பார்க்கும். அடித்தட்டின் ஓரம் சீப்புப் பற்கள் போலிருந்தால் நாலு நாள் தாடியும் சோப்பு நுரையும் தங்குதடையின்றிப் புகும். பற்களின்றி நேராக இருந்தால் தோலை இழுத்துப் பிடிக்கும். தினசரி சவரத்துக்கு அது சுகம். இடைவெளி சற்றுக் கூடினால் கன்னத்தில் கீறல், குறைந்தால் மயிர் அப்படியே நிற்கும். அவ்வளவு மெல்லிய எஃகுக்குக் கூர் ஏற்ற முடியாது என்றே நிபுணர்கள் ஜில்லெட்டிடம் கைவிரித்தார்கள். விற்பனை தொடங்கிய 1903-ல் போணியானவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளுந்தாம்!

1931-ல் ஜேக்கப் ஷிக் என்ற அமெரிக்கர் மின்சார ரேசரைக் கடைக்குக் கொண்டுவந்தார். இதன் தலையில் கத்தி வெளியே தெரியாது. பிளவுகளுள்ள தகட்டுக்குப் பின்னால் அது இங்குமங்கும் ஓடி மயிரை நறுக்கும். தண்ணீரும் வேண்டாம், சோப்பும் வேண்டாம். ஆனால் சுவரிலிருந்து மின்சாரம் வேண்டும். நம் கிராமங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்நாளில் மின்விளக்கே வந்து சேரவில்லை.

நாயுடு அமைத்த ‘ரேசண்ட்’ என்ற ரேசருக்குச் சுவரின் தயவு தேவைப்படவில்லை. உலர் பாட்டரியால் ஓடும் சின்னஞ்சிறு மோட்டார் அதனுள்ளேயே இருந்தது. மிக மிக மெல்லிய சவர பிளேடுகளையும் அவர் உருவாக்கினார். மூன்றாம் வகுப்போடு நின்றவர், எஃகில் கைதேர்ந்த ஐரோப்பியர் நடுவே போய் நின்று சாதித்த காரியம் இது. ஆனால் அந்த ரேசரைத் தயாரித்தது ஜெர்மனியிலிருந்த ஹைல்பிரோனர் கம்பெனி. கொங்கு நாட்டு மூளையில் உதித்த சரக்கு அயல்நாட்டு முத்திரையோடு வெளிவந்ததை நினைத்தால் மனம் சற்று வலிக்கத்தான் செய்கிறது.

அந்த வலி அதோடு நிற்கவில்லை. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று 1941-ல் அறிவித்தார். 1952-ல் இருவர் அமரும் சிறு காரை உருவாக்கி 2,000 ரூபாய்க்கு விற்க முன்வந்தார். வெள்ளைக்காரர் போய்ச் சுயராஜ்யம் வந்த பிறகும் சர்க்கார் லைசென்ஸ் கொடுக்கவில்லை, கார் நின்றுபோயிற்று. மக்கள் கைக்கு எட்டும் விலையில் பொருள் செய்ய ஒருவர் துடிக்கும்போது, குறுக்கே காகிதத்தை நீட்டியது என்ன நியாயமோ!

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரி அமையவும் அவரே தூண்டுகோல். நாலு வருஷப் படிப்பை இரண்டே வருஷத்தில் முடிக்கலாம் என்று வாதாடினார், அதிகாரிகள் இசையவில்லை, தலைமைப் பதவியை உதறிவிட்டு வந்துவிட்டார். பருத்தி, பப்பாளி என்று விவசாயத்திலும் அவர் விட்டுவைத்தது கொஞ்சம்.

1974 ஜனவரி 4-ஆம் தேதி நாயுடு காலமானார். கோவை அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறந்த பத்துக் கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரைத்தான் சூட்டியிருக்கிறார்கள்.