ஜான் சார்ன்லி

சர் ஜான் சார்ன்லி (ஆகஸ்ட் 29, 1911 – ஆகஸ்ட் 5, 1982) பிரித்தானிய எலும்பு அறுவை மருத்துவர் ஆவார். தற்கால இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு அடித்தளமிட்டவர். செயற்கை மூட்டுகளில் ஏற்படும் நோய்த்தொற்றைப் பெருமளவு குறைத்தவரும் இவரே.

வாழ்க்கை

இங்கிலாந்தின் லங்காசயர் பகுதியிலுள்ள பரி நகரில் பிறந்தார். தந்தை மருந்தாளர், தாய் செவிலியர். மான்செஸ்டரில் பயின்று 1935 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது இராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றினார்.

செயற்கை மூட்டு

விகன் நகருக்கு அருகிலுள்ள ரைட்டிங்டன் மருத்துவமனையில் தமது ஆய்வுகளை நடத்தினார். இது முன்பு காசநோயாளருக்கான மருத்துவமனையாக இருந்தது. உராய்வைக் குறைக்க 22.225 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய உலோகத் தலையையும் டெஃப்லான் கிண்ணத்தையும் பயன்படுத்தினார். ஏறத்தாழ 300 நோயாளிகளுக்கு இவ்வாறு பொருத்திய பின்னரே டெஃப்லான் விரைவில் தேய்வதும், அதன் துகள்கள் திசுக்களில் அழற்சி உண்டாக்குவதும் தெரியவந்தன. இதனை உறுதி செய்யத் தமது தொடையிலேயே டெஃப்லானைச் செலுத்திப் பார்த்தார். 1962 இல் அவருடைய தொழில்நுட்ப உதவியாளர் ஹாரி கிரேவனிடம் மிகுமூலக்கூற்று எடை கொண்ட பாலியெத்திலீன் வந்து சேர்ந்தது. சார்ன்லி அதனைப் பொருட்படுத்தவில்லை. அவர் வெளியூர் சென்றிருந்தபோது கிரேவன் அதனைத் தேய்மானச் சோதனைக்கு உட்படுத்தினார். இன்று வரை பயன்படும் கிண்ணம் இவ்வாறே கிடைத்தது.

நோய்த்தொற்று

செயற்கைப் பொருளின் மேற்பரப்பில் நுண்ணுயிர்கள் படலமாக ஒட்டிக்கொண்டால் மருந்துகளால் அவற்றை அழிப்பது கடினம். பெரும்பாலும் மூட்டையே அகற்ற நேரிடும். கண்டறிவதும் எளிதன்று. மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள் கழித்துக் காய்ச்சல் எதுவுமின்றி வலி மட்டுமே தோன்றலாம். மூட்டு வெறுமனே தளர்ந்தாலும் அதே வலிதான். இதனால் குருதிச் சோதனை, மூட்டு நீரிலுள்ள வெள்ளையணுக்களின் எண்ணிக்கை, பல இடங்களில் எடுத்த திசுக்களின் நுண்ணுயிர் வளர்ப்பு ஆகிய அனைத்தையும் சேர்த்தே மருத்துவர்கள் இன்றும் முடிவு செய்கின்றனர்.

தொடக்கத்தில் சார்ன்லியின் நோயாளிகளில் சுமார் 7 விழுக்காட்டினர் தொற்றுக்குள்ளாயினர். தாமதமாக வெளிப்படும் தொற்றும் அறுவையின்போதே காற்றின் வழியாகப் புகுந்ததாக இருக்கலாம் என அவர் கருதினார். காற்று வடிகட்டிகள் செய்துவந்த ஹோவொர்த் நிறுவனத்துடன் இணைந்து, அறுவை அரங்கினுள் தூய காற்று பாயும் சிறு அடைப்பறை ஒன்றை அமைத்தார். அறுவை செய்வோரின் மூச்சுக் காற்றைக் குழாய் வழியாக வெளியேற்றும் உடையையும் உருவாக்கினார். முன்தடுப்பாக நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து எதுவும் கொடாமலேயே பத்தாண்டுகளில் தொற்று 1 விழுக்காட்டிற்கும் கீழே சென்றது.

எனினும், அறுவை நுட்பமும் அதே காலத்தில் மேம்பட்டதால், இக்குறைவு முழுவதும் காற்றினால்தானா என்னும் ஐயம் நீடித்தது. பிரித்தானிய மருத்துவ ஆய்வுக் கழகம் 8,000க்கும் மேற்பட்ட மூட்டு மாற்று அறுவைகளில் இதனை ஒப்பிட்டு ஆராய்ந்தது. வழக்கமான அரங்குகளில் சுமார் 1.5 விழுக்காடாக இருந்த ஆழ்தொற்று, தூய காற்று அரங்குகளில் 0.6 விழுக்காடாக இருந்தது. இம்முடிவுகள் சார்ன்லி இறப்பதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னர், ஜூலை 1982 இல் வெளியாயின.

சிறப்புகள்

1974 இல் லாஸ்கர் விருது பெற்றார். 1975 இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1977 இல் சர் பட்டம் வழங்கப்பட்டது.