கணக்கறிந்த கோ. நடேசய்யர்

நான் கணிதம் பயிலும் இரண்டாமாண்டு மாணவன். கூட்டலும் கழித்தலும் எங்கள் வீட்டிற்குள் என் தலைமுறையில்தான் நுழைந்தன. என் அம்மா சிறுமியாக இருந்தபோது பூந்தமல்லிக்கு மேற்கே ஒரு செங்கல் சூளையில் குடும்பத்தோடு கல் அறுத்தவர். தாத்தா வாங்கிய முன்பணம் எவ்வளவு என்பது அம்மாவுக்கு இன்றும் தெரியாது. மழைக்கு முன் சூளை மூடும் நாளில் மேஸ்திரி நோட்டைப் புரட்டி வாசிப்பாராம். பாக்கி இருக்கிறது என்று முடிப்பாராம். அடுத்த தையில் மீண்டும் அதே சூளை. ஆகவே கோ. நடேசய்யரின் வரலாற்றைப் படித்தபோது, கடல் கடந்த நாட்டுத் தலைவர் என்று அவரைத் தள்ளி வைக்க என்னால் இயலவில்லை.

இலங்கை மலையகத்தில் புகழ்பெற்ற பெயர் இது. நம் பக்கம்தான் மறந்துவிட்டோம். 1887-இல் தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவர். வணிகக் கல்வியில் தேர்ந்து, கணக்கியல் பற்றித் தமிழில் நூல் எழுதினார். 'வர்த்தக மித்திரன்' என்னும் இதழையும் நடத்தினார். அவ்விதழின் பொருட்டு முதல் உலகப் போர்க் காலத்தில் கொழும்பு சென்றவர், தோட்டத் தொழிலாளரை நேரில் காண விரும்பினார். ஆனால் தோட்டம் என்பது துரையின் தனியுடைமை. அயலார் கால் வைத்தால் குற்றம். துணி மூட்டை சுமந்து செல்லும் புடைவை வியாபாரிக்கு மட்டும் வழி விடுவார்கள். ஐயரும் புடைவை வியாபாரியாகவே உள்ளே போனார்!

அங்கே அவர் கண்டது என்ன? நண்பர்களே, இதைச் சற்று நிதானமாகப் பாருங்கள். கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் தொழிலாளியின் பற்றில் ஏறும். வேலைக்கு வரும் ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. இதற்கு மேல் 'துண்டு' என்றொரு சீட்டு. இன்ன கங்காணியின் ஆட்கள் இத்தனை பேர், இவ்வளவு கடனைக் கட்டினால் விடுவிக்கப்படுவர் என்று துரை எழுதிக் கொடுப்பது அது. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டும். கட்டிய தொகை மீண்டும் அதே ஆட்களின் தலையில் ஏறும். தோட்டம் மாறும், கடன் மாறாது. ஆளை விற்றதாக எங்கும் எழுதப்படவில்லை; கடன்தான் கைமாறியது. துரையைக் கேட்டால் கங்காணியைக் காட்டுவார். கங்காணியைக் கேட்டால் கடனைக் காட்டுவார். லண்டனில் தேநீர் அருந்தியவருக்கு இருவரையுமே தெரியாது. கணக்கு நூல் எழுதிய ஒருவர் கண்ணில் இது பட்டது தற்செயலே எனினும், நல்ல தற்செயல்.

1921-இல் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது. அதே ஆண்டில் ஐயர் 'தேசநேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். ஏ. ஈ. குணசிங்காவுடன் தொழிற்சங்கப் பணியாற்றினார். 1925-இல் சட்டநிரூபண சபையில் அமர்ந்தார். பின்னர் குணசிங்காவை விட்டுப் பிரிந்தார். யாரோடும் நெடுங்காலம் ஒத்துப்போகும் இயல்பு அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. 1931-இல் தோட்டத் தொழிலாளர்க்கெனத் தனிச் சங்கம் அமைத்தார். 1936-இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையாரைச் சொல்லாமல் விடுதல் தகாது. மக்கள் அறிந்த மெட்டுகளில் தாமே பாட்டெழுதிப் பாடுவார். பாட்டுக்குக் கூட்டம் சேரும்; பிறகு ஐயர் பேசுவார். எழுத்தறியாதவர்க்குச் செய்தி காதின் வழியாகவே போக வேண்டும் என்பதை அம்மையார் நன்கு உணர்ந்திருந்தார். எங்கள் தாத்தா காலத்துச் சூளைக்கு இப்படி ஒருவர் வந்து பாடியிருக்கலாகாதா என்று எண்ணினேன்.

ஐயர் 1947 நவம்பரில் மறைந்தார். மறு ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் அந்தத் தொழிலாளர்களுள் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது.

நம் நாட்டில் 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடன் அனைத்தும் செல்லாது என்கிறது. பிரிட்டனிலோ 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தம் பொருள் வரும் வழியில் அடிமை உழைப்பைத் தடுக்க என்ன செய்தோம் என்று பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். ஐயர் இருந்திருந்தால் அறிக்கையைத் தள்ளிவிட்டு மேஸ்திரியின் நோட்டைக் கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். துண்டு என்பது எங்கள் மேஸ்திரி நோட்டுத்தானே என்றார். அந்தச் சூளை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள் எழுந்துள்ளன. அவற்றுள் இரண்டு வீடுகளில் அம்மா வேலை செய்கிறார். வேலைக்குப் போகாத நாட்களை நான் நாட்காட்டியில் குறித்து வைக்கிறேன். மாதக் கடைசியில் சம்பளத்தை அங்கேயே நின்று எண்ணிப் பார்த்த பிறகுதான் அம்மா படியிறங்குவார்.